பூரு தீவில் பிறந்த நாலு நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசாங்கத்தோடு மோதிச் சிறைக்குப் போனவர்கள், தீவுக்கு அனுப்பப்பட்டவர்கள், இவர்களுடைய வாழ்க்கையை வைத்து எழுதிய நாவல்கள் என்று பேச்சு வந்தாலே நான் போய் நிற்கிற இடம் இந்தோனேசியாதான். பிரமூத்யா அனந்த தூர் எழுதிய நாலு நாவல்கள். யாரிடம் இவற்றைப் பற்றிச் சொன்னாலும் திரும்பி வருகிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன, அதனால் பதில்களை ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன். கதை முடிவுகள் சிலவற்றைச் சொல்லாமல் முடியாது. முடிவு தெரிந்தால் படிக்கப் பிடிக்காது என்பவர்கள் நாலாவது நாவல் பற்றிய பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எந்த நாலு நாவல்கள்?

'பூமி மனுசியா' (மானுட பூமி), 'அனாக் செமுவா பங்சா' (எல்லாத் தேசங்களின் பிள்ளை), 'ஜெஜாக் லங்கா' (காலடித் தடங்கள்), 'ரூமா காச்சா' (கண்ணாடி வீடு). முதல் இரண்டும் 1980ல் வந்தன, மூன்றாவது 1985ல், நாலாவது 1988ல். டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில், 1898 தொடங்கி ஏறத்தாழ இருபது வருடங்கள் நடக்கும் ஒரே தொடர்கதை. பூரு என்ற தீவில் அவர் கைதியாக இருந்தபோது உருவானதால் உலகம் முழுக்க 'பூரு நாவல்கள்' என்றே சொல்கிறார்கள்.

இதில் எதிர்ப்பாளர் யார்? நாவலாசிரியரா, கதாநாயகனா?

இரண்டு பேருமே, அதனால்தான் எனக்கு இவை மேல் இவ்வளவு மோகம். கதாநாயகன் மின்கே என்பவனுக்குப் பின்னால் திர்தோ அதி சூர்யோ என்ற நிஜமான பத்திரிகையாளர் இருக்கிறார். 1880ல் பிறந்து 1918ல் இறந்தவர். அவரை டச்சு அரசு இரண்டு முறை தீவு கடத்தியது, இரண்டாவது முறை மலுகு தீவுகளுக்கு. அவருடைய கதையை நாவலாக்கியவரைச் சுகார்த்தோவின் ராணுவ அரசு பிடித்துத் தூக்கிப் போட்ட பூருவும் அதே மலுகு தீவுக்கூட்டத்தில்தான் இருக்கிறது. போதாததற்கு இருவருமே ஜாவாவில் ப்ளோரா என்ற சின்ன ஊரில் பிறந்தவர்கள். ஒரு நாவலாசிரியர் இப்படிக் கற்பனை செய்து எழுதினால் 'ரொம்ப சினிமாத்தனமாக இருக்கிறது' என்று நாமே சொல்வோம்.

பிரமூத்யாவை ஏன் பிடித்தார்கள்?

1965 செப்டம்பர் 30 இரவில் ஜகார்த்தாவில் ராணுவ ஜெனரல்கள் ஆறு பேரும் ஒரு லெஃப்டினன்ட்டும் கடத்திக் கொல்லப்பட்டார்கள். இதைச் செய்தது கம்யூனிஸ்ட் கட்சிதான் என்று சொல்லி ராணுவம் அந்தக் கட்சியையே அழிக்க இறங்கியது. அடுத்த சில மாதங்களில் கொல்லப்பட்டவர்கள் 5 லட்சத்துக்குக் குறையாது என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. பிரமூத்யா கட்சியோடு நெருக்கமாக இருந்த லெக்ரா என்ற கலை இலக்கிய அமைப்பில் முக்கியமான ஆள். அக்டோபர் 13 அன்று அவர் வீட்டைக் கும்பல் சூழ்ந்தது, ராணுவம் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் அவருக்குக் காது கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. வருடக்கணக்காகச் சேர்த்த நூலகமும் கையெழுத்துப் படிகளும் அழிந்தன.

அதன் பிறகு பதினாலு வருடம் சிறை. வழக்கு இல்லை, விசாரணை இல்லை, குற்றப்பத்திரிகைகூட இல்லை.

அவருக்கு இது முதல் சிறையும் கிடையாது. சுதந்திரப் போரில் டச்சுக்காரர்கள் 1947 முதல் 1949 வரை உள்ளே வைத்திருந்தார்கள். 1960ல் சீன வம்சாவளியினருக்கு ஆதரவாக ஒரு புத்தகம் எழுதினார் என்று, சுகார்த்தோவுக்கு முன்பு அதிபராக இருந்த சுகார்னோவின் ஆட்சியும் உள்ளே போட்டது. ஆக, அந்நியர் ஆட்சி, சொந்த ஆட்சி, ராணுவ ஆட்சி என்று மூன்றும் பார்த்தாயிற்று.

பூரு தீவில் என்ன நடந்தது?

1969 ஆகஸ்ட்டில் முதல் தொகுதிக் கைதிகள் போய் இறங்கினார்கள். போகப் போக ஏறத்தாழ 12,000 பேர். வழக்குப் போட ஆதாரம் இல்லை, ஆனால் வெளியே விடவும் மனசில்லை என்று அரசு 'பி' வகையில் போட்டுவைத்த ஆண்கள்தான் பெரும்பாலும் இங்கே வந்தவர்கள். காட்டை வெட்டி, சாலை போட்டு, வயல் திருத்தி, தங்கள் சாப்பாட்டைத் தாங்களே விளைவித்துக்கொள்ள வேண்டும், காவலர்களுக்கும் சேர்த்து. எலி, பாம்பு, பல்லி எது கிடைத்தாலும் சாப்பிட்டார்கள். ஆசிரியர்கள், நாடகக்காரர்கள், பத்திரிகையாளர்கள், விவசாயிகள், எழுதப் படிக்கத் தெரியாத கூலிகள் என்று எல்லா வகை மனிதர்களும் ஒரே கொட்டகையில் இருந்தார்கள். இது நாவல்களுக்கும் முக்கியம், ஏனென்றால் இவர்கள்தான் முதல் வாசகர்கள். சரியாகச் சொன்னால் முதல் கேட்பாளர்கள்.

பேனாவும் காகிதமும் இல்லாமல் நாவல் எழுதினார் என்பது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மைதான், ஆனால் பலர் நினைக்கிற மாதிரி நாலு நாவலையும் மனப்பாடமாக வைத்திருந்தார் என்ற அர்த்தத்தில் இல்லை. 'பூமி மனுசியா'வின் கடைசிப் பக்கத்தில் கதைக்குக் கீழே சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும்: பூரு, வாய்மொழியாக 1973, எழுத்தில் 1975. நாவலின் முழு வரலாறும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. முதலில் எழுத அனுமதி இல்லை. வேலை முடிந்து திரும்பியதும் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கதை சொல்வார். கேட்டவர்கள் அடுத்த கொட்டகையில் போய்ச் சொல்வார்கள். பிற்பாடு எழுத அனுமதி கிடைத்தபோது அவர் பங்கு வயல் வேலையை மற்றவர்கள் எடுத்துச் செய்தார்கள், உட்கார்ந்து எழுதட்டும் என்று. விடுதலையாகும் நேரத்தில் படிகளை அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டாலும், சக கைதிகள் எடுத்து வைத்திருந்த பிரதிகள் ஏற்கெனவே வேறு கைகளுக்குப் போயிருந்தன.

இன்னொன்றும் இருக்கிறது, இதை அதிகம் பேர் சொல்வதில்லை. 1960களின் தொடக்கத்தில் அவர் ஜகார்த்தாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது மாணவர்களைப் பழைய மலாய்ப் பத்திரிகைகளைத் தேடிப் படிக்க அனுப்பி, இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தைப் பற்றி மலைபோல் குறிப்புகள் சேர்த்திருந்தார். திர்தோவை அவர் கண்டுபிடித்தது அந்தக் குப்பையில்தான். 1965ல் அது மொத்தமும் போய்விட்டது. தீவில் அவர் கதையாகச் சொன்னது, தொலைந்துபோன ஆராய்ச்சியில் மனதில் தங்கியிருந்த மிச்சம். அந்தக் குறிப்புகள் கையில் இருந்திருந்தால் தடிமனான, அடிக்குறிப்பு நிறைந்த, நாலு பேர் மட்டும் படிக்கிற வரலாற்றுப் புத்தகம் ஒன்று வந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

வாய்மொழியின் தடம் நடையிலும் தெரியும். அத்தியாயங்கள் கொக்கி போட்டு முடியும், ஒரு பாத்திரம் இன்னொருவரிடம் தன் கதையைப் பக்கம் பக்கமாகச் சொல்லும், முன்பு நடந்தது மறுபடி ஒரு தடவை நினைவூட்டப்படும். விமர்சகர்கள் சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். நாள் முழுக்க மண் வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவனுக்குச் சொன்ன கதை அப்படித்தான் இருக்கும்.

மின்கே அப்படியே திர்தோவா?

இல்லை. எது ஒத்துப்போகிறது, எது போகவில்லை என்று பார்ப்பதில்தான் சுவாரஸ்யமே.

வெளியுலகத்துக்குத் தெரிந்த விஷயங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. திர்தோ ஜாவானிய மேட்டுக்குடியில் பிறந்தார், பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) மருத்துவப் பள்ளியில் சேர்ந்து முடிக்காமல் வெளியேறினார், 1907ல் 'மேதான் பிரியாயி' என்ற மலாய்ப் பத்திரிகையைத் தொடங்கினார். உள்ளூர்க்காரர்களே முதல் போட்டு உள்ளூர்க்காரர்களே நடத்திய பத்திரிகை. ஆளப்படுகிற மக்கள் தங்கள் குரலைத் திறக்கிற இடம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. அதிகாரி அநியாயம் செய்தால் வாசகர் கடிதம் எழுதலாம், பத்திரிகை அதை அச்சடிக்கும், அதோடு நிற்காமல் சட்ட உதவியும் ஏற்பாடு செய்யும். பூர்வோரெஜோவில் ஒரு டச்சு அதிகாரியைத் திட்டி எழுதியதற்காக 1910ல் சுமத்ராவின் லாம்புங் பகுதிக்கு அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர் அங்கிருந்தும் எழுதினார். பெண்களுக்கென்று தனியாக ஒரு பத்திரிகையும், முஸ்லிம் வணிகர்களுக்கு ஒரு சங்கமும் தொடங்கியவர். மூன்றாவது நாவலில் இவையெல்லாம் கொஞ்சம் பெயர் மாறி வருகின்றன. மின்கேவின் பத்திரிகைக்கு நாவலில் பெயர் 'மேதான்'.

அந்தரங்கமானவை பெரும்பாலும் கற்பனை. முதல் நாவலின் காதலி அன்னலீஸ், இரண்டாவது மனைவியாக வரும் சீனப் புரட்சிக்காரி ஆங் சான் மெய், இவர்களுக்கு நிஜத்தில் ஆள் இல்லை. மூன்றாவது மனைவியான மலுகு இளவரசிக்கு மட்டும் மூலம் உண்டு, திர்தோ பாசான் சுல்தான் குடும்பத்தில் பெண் எடுத்தவர். அப்புறம், மின்கே பிறந்த நாளும் டச்சு ராணி வில்ஹெல்மினா பிறந்த நாளும் ஒன்று, 1880 ஆகஸ்ட் 31. ஒரே நாளில் பிறந்தவர்களில் ஒருத்தி தலையில் கிரீடம், இன்னொருவன் காதில் வெள்ளைக்கார வாத்தியார் குரங்கு என்று திட்ட வந்து பாதியில் மாற்றிச் சொன்ன பட்டப்பெயர். மின்கே என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

முழு வாழ்க்கை வரலாறு வேண்டும் என்றால் பிரமூத்யாவே 1985ல் தனியாக எழுதியிருக்கிறார், 'சாங் பெமுலா' (தொடங்கி வைத்தவன்), திர்தோவின் எழுத்துகளையும் சேர்த்து. நாவலுக்கும் வரலாற்றுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதை அவர் குழப்பவில்லை, இரண்டையும் இரண்டு புத்தகமாகக் கொடுத்தார். இந்த நேர்மை எல்லாருக்கும் வராது.

நியாய் ஓந்தோசோரோ? எல்லோரும் அவளைப் பற்றியே பேசுகிறார்களே.

பேசத்தான் செய்வார்கள், முதல் இரண்டு நாவல்களை அவள் மின்கேயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறாள். 'நியாய்' என்றால் ஐரோப்பியன் வீட்டில் மனைவி மாதிரி இருக்கிற, ஆனால் சட்டப்படி மனைவி இல்லாத உள்ளூர்ப் பெண். இவளுடைய சொந்தப் பெயர் சனிக்கெம். அப்பா ஒரு சர்க்கரை ஆலையில் எழுத்தர், ஆலையில் பணம் பட்டுவாடா செய்கிற பதவிக்கு ஆசைப்பட்டவர். அந்தப் பதவிக்கும் 25 கில்டருக்கும் (டச்சு நாணயம்) பதினாலு வயதுப் பெண்ணை ஆலை நிர்வாகியான டச்சுக்காரனிடம் விட்டுவிட்டு வருகிறார். அந்தக் காட்சியில் அழுகை அலறல் எதுவும் பெரிதாக இல்லை. ஒரு தகரப் பெட்டி, பயணம், வாசல், பெரியவர்கள் கைகுலுக்குவது. அதன் பிறகு அவள் அப்பா அம்மா முகத்தில் விழிப்பதே இல்லை. டச்சு மொழி கற்று, கணக்குக் கற்று, பால்பண்ணையை அவளே நடத்துகிறாள், கூட வாழ்ந்தவன் குடித்துச் சீரழிந்த பின்னும் தொழில் நிற்கவில்லை.

அத்தனையும் ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் போய்விடுகிறது. ஐரோப்பியத் தந்தை சட்டப்படி தன் பிள்ளை என்று பதிவு செய்த குழந்தை ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் வரும், பெற்றவளுக்கு அந்தச் சட்டத்தில் இடமே கிடையாது. நெதர்லாந்தில் இருக்கிற முதல் குடும்பம் சொத்தையும் கேட்கிறது, மகளையும் கேட்கிறது, அந்த மகள்தான் மின்கேவின் அன்னலீஸ். அவளிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது போலீஸ்காரனின் லத்தி இல்லை, முத்திரை குத்திய ஒரு தாள்.

ஒரு குறிப்பிட்ட நிஜப் பெண்ணை வைத்து எழுதியது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த நிலையில் வாழ்ந்த பெண்கள் அந்தக் காலத்து ஜாவாவில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், வழக்கும் சட்டமும் நிஜமானவை.

நாலாவது நாவலில் ஏன் திடீரென்று போலீஸ்காரன் கதை சொல்கிறான்? எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

எரிச்சல் வரவேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். மூன்று புத்தகம் மின்கேவின் குரலில் ஓடுகிறது, மூன்றாவதின் கடைசியில் அவனைக் கைது செய்கிறார்கள். நாலாவதைத் திறந்தால் 'நான்' என்று பேசுவது ஜாக் பாங்கெமனன், மெனாடோக்காரன், பிரெஞ்சுக் குடும்பம் வளர்த்த படிப்பாளி, காலனி அரசின் போலீஸ் கமிஷனர். மின்கேவைத் தீவு கடத்தும் வேலையைச் செய்து முடித்தவன் அவன்தான். பதவி உயர்வு கிடைத்து, அரசின் ரகசியக் கோப்புகளுக்கு நடுவில் ஒரு மேசை. வேலை என்ன என்றால் உள்ளூர் இயக்கங்களைப் படித்து, அறிக்கை எழுதி, எங்கே அமுக்கினால் எது உடையும் என்று மேலே சொல்வது. அவன் மின்கேவை மதிக்கிறான், மனதுக்குள் குரு என்றே வைத்திருக்கிறான். அந்த மதிப்போடு உட்கார்ந்து அவனை அழிக்கிறான். குடிக்கிறான், மனைவி பிள்ளைகள் விட்டுப் போகிறார்கள், மறுநாள் காலை வேலைக்கு வந்துவிடுகிறான்.

நாம் முதல் மூன்று நாவலாகப் படித்ததெல்லாம் மின்கே எழுதி வைத்த கையெழுத்துப் படிகள், அவை பறிமுதல் ஆகி இந்த ஆளின் மேசையில் இருக்கின்றன என்பது இங்கேதான் தெரிகிறது. அதாவது நாம் இவ்வளவு நாள் படித்துக்கொண்டிருந்தது போலீஸ் ஃபைலின் ஒரு பகுதியை. ஒரு எதிர்ப்பாளரின் வாழ்க்கையைப் பற்றி நம்மிடம் மிஞ்சுகிற ஆவணங்களை யோசித்துப் பாருங்கள். அவர் எழுதியதைப் பறித்தவன் வைத்திருக்கிறான். எந்தத் தேதியில் யாரைச் சந்தித்தார் என்று பின்தொடர்ந்தவன் குறித்திருக்கிறான். ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்கிற எந்த நாவலாசிரியரும் கடைசியில் ஒற்றன் எழுதிய வாக்கியத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் இந்தச் சங்கடத்தை மறைத்து எழுதுவார்கள், பிரமூத்யா ஒற்றனையே நாற்காலியில் உட்காரவைத்துப் பேசவிட்டார். இந்த வகை எழுத்தில் இதைவிடத் துணிச்சலான முடிவு எனக்குத் தெரிந்து வேறு யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் பாங்கெமனன் அந்தப் படிகளையும் தன் குறிப்புகளையும் ஒப்படைப்பது நியாய் ஓந்தோசோரோவிடம். 25 கில்டருக்கு விற்கப்பட்டவளிடம்.

கதை 1918ல் முடிந்துவிடுகிறது. சுகார்த்தோ அரசு ஏன் தடை செய்தது?

அதிகாரபூர்வக் காரணம், மார்க்சிய லெனினியக் கருத்தை நாசூக்காகப் பரப்புகிறது என்பது. 1981 மே மாதம் அட்டர்னி ஜெனரல் தடை உத்தரவு போட்டார். நாவலில் மார்க்ஸ் எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். துணை அதிபராக இருந்த ஆடம் மாலிக்கே புத்தகத்தைப் பாராட்டியவர்.

நிஜக் காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. டச்சு கவர்னர் ஜெனரலுக்கு ஒரு சிறப்பு அதிகாரம் இருந்தது: ஒழுங்குக்கு ஆபத்து என்று அவர் கருதினால் யாரையும் வழக்கு இல்லாமல் எந்தத் தீவுக்கும் அனுப்பலாம். மின்கேவை அப்படித்தான் அனுப்புகிறார்கள். 1980ல் ஜகார்த்தாவில் பஸ்ஸில் உட்கார்ந்து இதைப் படிக்கிற ஆளின் மாமாவோ வாத்தியாரோ அதே மாதிரி போய் முந்தின வருடம்தான் திரும்பியிருப்பார், அடையாள அட்டையில் முன்னாள் அரசியல் கைதி என்று முத்திரையோடு. அரசை ஒரு வார்த்தை திட்டவேண்டிய தேவையே நாவலுக்கு இல்லை.

தடை என்றால் நிஜமாகவே தண்டித்தார்களா, சும்மா பெயருக்கா?

நிஜமாகவே. 1980களின் கடைசியில் யோக்யகர்த்தாவில் இந்த நாவல்களை விற்றதும் சுற்றுக்கு விட்டதும் குற்றச்சாட்டாகி இளைஞர்கள் மூன்று பேர் ஏழு, எட்டு ஆண்டு என்று தண்டனை வாங்கினார்கள். ஒரு நாவலுக்கு! முதல் நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மேக்ஸ் லேன் ஜகார்த்தாவில் ஆஸ்திரேலியத் தூதரகத்தில் வேலை பார்த்தவர், அவரை 1981ல் ஊருக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பதிப்பகம் ஹஸ்தா மித்ராவை நடத்தியதே சிறையிலிருந்து வெளிவந்தவர்கள்தான், யூசுஃப் இசாக், ஹாஷிம் ரஹ்மான், பிரமூத்யா. ஒன்று தடையானதும் அடுத்ததை அச்சுக்குக் கொடுத்தார்கள். 1998ல் சுகார்த்தோ விழுந்த பிறகுதான் கடைகளில் நிம்மதியாக அடுக்க முடிந்தது.

பிரமூத்யாவைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கி வைக்கிறீர்களோ?

சரி, மறுபக்கமும் பேசிவிடுவோம். 1960களின் தொடக்கத்தில் சுகார்னோ ஆதரவில் இடதுசாரிகள் கை ஓங்கியிருந்தபோது, 'பிந்தாங் திமூர்' நாளிதழின் 'லென்தெரா' பகுதியை நடத்தியவர் இவர். எதிரணி எழுத்தாளர்களை அதில் வறுத்தெடுத்தார்கள். ஹம்கா என்ற மதிப்புக்குரிய மத அறிஞரின் நாவல் ஒன்று திருட்டு என்று தொடர்ந்து எழுதினார்கள். கலைக்குச் சுதந்திரம் வேண்டும் என்று எதிரணி 1963ல் ஓர் அறிக்கை விட்டது, 1964 மே மாதம் சுகார்னோ அதைத் தடை செய்தார், அப்போது இவர் பக்கம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

1995ல் இவருக்கு மகசேசே விருது அறிவித்ததும் அதே விருதை 1958ல் வாங்கிய மொக்தார் லூபிஸ் தன் விருதைத் திருப்பிக் கொடுத்தார். மொக்தார் லூபிஸ் லேசான ஆள் இல்லை, சுகார்னோ காலத்தில் பத்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே இருந்தவர், சுகார்த்தோ காலத்திலும் சிறை பார்த்த பத்திரிகையாளர். ஆக, சிறைக்குப் போன ஒருவர் சிறைக்குப் போன இன்னொருவருக்கு விருது கொடுக்காதே என்கிறார். எனக்கு இதில் பிரமூத்யா மேல் கோபம் உண்டு, நாவல் மேல் இல்லை. பாங்கெமனனை அவ்வளவு உள்ளே போய் எழுத முடிந்ததற்கு, அடுத்தவன் எழுத்தை வேவு பார்த்துத் தாக்கிய அந்த மூன்று நாலு வருடமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைப்பேன். அவர் அப்படி எங்கும் ஒப்புக்கொண்டதில்லை, இது என் ஊகம் மட்டும்.

பெயரை மாற்றாமல் நிஜப் பெயரிலேயே எழுதினால் என்ன?

எழுதியிருக்கிறார்கள். டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி துருஹியோவை எதிர்த்த மிராபால் சகோதரிகளில் மூன்று பேரை, பத்ரியா, மினெர்வா, மரியா தெரேசா, 1960 நவம்பர் 25 அன்று சிறையில் இருந்த கணவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மறித்து அடித்தே கொன்று, ஜீப்பைப் பள்ளத்தில் தள்ளி விபத்து மாதிரி காட்டினார்கள். தெதே என்ற சகோதரி மட்டும் மிஞ்சினார், 2014 வரை வாழ்ந்தார். ஜூலியா அல்வாரெஸ் 1994ல் இவர்களை அதே பெயர்களோடு நாவலாக்கினார். அவர் அப்பாவே துருஹியோ எதிர்ப்பில் இருந்து, அந்தக் கொலைகளுக்குச் சில மாதம் முன்புதான் குடும்பத்தோடு நியூயார்க்குக்குத் தப்பி வந்தவர். ஐ.நா. 1999ல் பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளாக அறிவித்த தேதி இந்த நவம்பர் 25தான்.

நிஜப் பெயரில் ஒரு வசதி, வாசகர் உடனே நம்புவார். சிக்கலும் அதுவேதான். தேசமே சிலையாக்கி வைத்திருந்த பெண்களுக்குப் பொறாமை, பயம், அசட்டுத்தனம் எல்லாம் கொடுத்துத்தான் மனுஷிகளாக்க முடியும், அதற்கு உயிரோடு இருக்கிற சகோதரி முகத்தைப் பார்த்தாக வேண்டும். அல்வாரெஸ் பின்குறிப்பிலேயே இவர்கள் தான் புனைந்த சகோதரிகள் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்தது பெயர் மாற்றுவதுதான். திர்தோ மின்கே ஆனதும்தான் குரங்குப் பட்டமும் ராணியின் பிறந்தநாளும் உள்ளே வர இடம் கிடைத்தது.

இந்தியாவில் இப்படி எதுவும் இல்லையா?

உண்டு. மஹாஸ்வேதா தேவியின் '1084ன் அம்மா' என்ற வங்க நாவல், நக்சல்பாரி காலத்துக் கல்கத்தாவில் கொல்லப்பட்ட மகனின் பிண எண்ணைச் சுமக்கிற ஒரு வசதியான வீட்டுப் பெண்ணைப் பற்றியது. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இங்கே இடம் போதாது.

கையெழுத்துப் படியை அரசு பறித்துக்கொண்டால் நாவல் கதி?

சில சமயம் அவ்வளவுதான். சோவியத் எழுத்தாளர் வாசிலி குரோஸ்மனின் பெரிய நாவலை 1961 பிப்ரவரியில் கே.ஜி.பி. வந்து எடுத்துக்கொண்டு போனது, கார்பன் தாளையும் டைப்ரைட்டர் ரிப்பனையும்கூட விடவில்லை. எழுதியவரைக் கைது செய்யவில்லை, நாவலைத்தான் கைது செய்தார்கள். அவர் 1964ல் இறந்தார். நண்பர்கள் ஒளித்து வைத்த பிரதி மைக்ரோஃபிலிமாக எல்லை தாண்டி 1980ல் சுவிட்சர்லாந்தில் அச்சானது. பூரு நாவலின் முதல் பாகம் ஜகார்த்தாவில் வந்த அதே வருடம்.

எங்கள் ஊரில் எமர்ஜென்சியில் உள்ளே போன ஒருவர் வாழ்க்கையை நாவலாக எழுத நினைக்கிறேன். ஏதாவது சொல்லுங்கள்.

வெளியுலகத்துக்குத் தெரிந்ததை மாற்றாதீர்கள், தெரியாததைத் தாராளமாகக் கற்பனை செய்யுங்கள். கைதான தேதி, எந்தச் சட்டம், எந்தச் சிறை, இவற்றில் பொய் வந்தால் நாவல் முழுவதும் பொய்யாகத் தோன்றும். விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கிற மிசா சட்டத்தில் போன கைதி ஒருவரை நாவலில் ஜாமீனில் எடுத்தால் விஷயம் தெரிந்தவர் அங்கேயே மூடி வைத்துவிடுவார். வீட்டில் என்ன பேசினார், இரவில் எதற்குப் பயந்தார் என்பதெல்லாம் உங்கள் வேலை.

கூட இருந்தவர்களிடம் கேட்கும்போது போராட்டத்தைப் பற்றிக் கேட்டால் மேடைப் பேச்சு வரும். சாப்பாடு என்ன போட்டார்கள், கடிதத்தில் எந்த வரியை அடித்து அனுப்பினார்கள், மனைவி பார்க்க வந்தபோது பஸ்ஸுக்குக் காசு யார் கொடுத்தார் என்று கேளுங்கள். போலீஸ் பதிவு கிடைத்தால் அதை எழுதியவன் யார், மேலதிகாரிக்கு என்ன பிடிக்கும் என்று எழுதினான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறந்தவரைப் பற்றி எழுதினால் வழக்கு வராது என்பது பாதி உண்மைதான். குடும்பத்தின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு, அவர் உயிரோடு இருந்தால் பெயர் கெடும் என்கிற மாதிரி எழுதினால் அவதூறாகலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499வது பிரிவில் இருந்தது இது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவு. முதல் பக்கத்தில் 'அனைத்தும் கற்பனையே' என்று போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள், விவரம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

படம் பார்த்தால் போதாதா?

'பூமி மனுசியா' 2019ல் படமாக வந்தது, மூன்று மணி நேரம், இயக்கம் ஹனூங் பிரமந்த்யோ. பார்க்கலாம், காதல் கதை நன்றாக ஓடும். ஆனால் முதல் பாகம் மட்டும்தான் அது, பாங்கெமனன் கதை சொல்வது நாலாவதில்தான்.

எந்த மொழியில், எந்த வரிசையில் படிப்பது?

வெளிவந்த வரிசையில். நாலாவதை முதலில் எடுத்தால் ஒன்றும் புரியாது. மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், பள்ளியில் படித்த மலாய் இருந்தால் முதல் ஐம்பது பக்கம் தடுமாறினாலும் மூலத்திலேயே படித்துவிடலாம். மற்றவர்களுக்கு மேக்ஸ் லேனின் ஆங்கில மொழிபெயர்ப்பு நாலுக்கும் இருக்கிறது. இரண்டாவது பாகத்தின் நடுவில் கொஞ்சம் இழுக்கும், கரும்பு விவசாயிகளின் நிலப் பிரச்சினை வரும் இடம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரமே இல்லை, ஒன்றுதான் முடியும் என்றால் முதல் பாகம், அதுவே தனி நாவலாக நிற்கும்.